திலகவதிக்கு வந்தது

திலகவதிக்குச் சாமி வந்திருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியபோது திலகவதியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் நிலையில் அவள் இல்லை. தான் செத்துக்கொண்டிருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடையார்கோவிலில் கிளம்பும் டவுன் பஸ், மேற்கொண்டு போக ரோடு இல்லாமல் திரும்பி நிற்கிற ஊர் செங்காவயல். அன்றைக்கு அங்கே புரவி எடுப்பு. வேளார் செய்து வைத்த மண் குதிரைகளை இளவட்டங்கள் தோளில் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரை ஐயனார் கோயிலுக்குப் போக, பின்னாலேயே ஊர் மொத்தமும் போனது. வைகாசி வெயில், புழுதி, காதை அடைக்கிற கொட்டுச் சத்தம். கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்ட திலகவதியின் கையை அவளுடைய அண்ணன் பொண்டாட்டி வனிதா பிடித்துக்கொண்டு நடந்தாள்.

திடீரென்று நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அவ்வளவுதான். ஓட்டமாய் நடந்தால் யாருக்கும் துள்ளும். ஆனால் திலகவதிக்கு உடனே அண்ணன் ஞாபகம் வந்தது. போன ஐப்பசியில் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கீழே வைக்காமலேயே சாய்ந்துவிட்டார். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் நெஞ்சு தறிகெட்டு அடிக்கத் தொடங்கியது. மூச்சு உள்ளே போனது, போதவில்லை. இன்னும் இழுத்தாள், இன்னும் போதவில்லை. உதடு மரத்துப்போனது. கை விரல்கள் தாமாக மடங்கிக் கோழிக்கால் மாதிரி இறுகிக்கொண்டன. அதைப் பார்த்ததும் சந்தேகமே இல்லாமல் போயிற்று, சாவுதான். உடம்பு கிடுகிடுவென்று ஆட, கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து கூட்டம் நெருக்க, வனிதாவின் கை நழுவியது.

"போகாதே!" என்று கத்தினாள் திலகவதி. "போகாதே... போகாதே..."

எதிரே குதிரைக்குத் தோள் கொடுத்தபடி நின்றவன் அண்ணன் மகன் பிரசாந்த். அடுத்த வாரம் அவன் துபாய்க்குப் போகவேண்டும். வெல்டர் வேலை, விசா வந்து, டிக்கெட்டும் போட்டாயிற்று.

ஒரு கிழவி குலவை போட்டாள். அவ்வளவுதான், நாலா பக்கமும் குலவை. யாரோ திலகவதியின் நெற்றியில் திருநீறை அப்பினார்கள், யாரோ எலுமிச்சம்பழத்தை மடங்கிய விரலுக்குள் திணித்தார்கள், மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தது. "ஐயனாரு சொல்லிட்டாருப்பா! பயல அனுப்பாதீங்க!" என்று கூட்டம் கூவியது. வனிதா மகனைக் கட்டிக்கொண்டு அங்கேயே அழுதாள். திலகவதி சாகவில்லை. கொஞ்ச நேரத்தில் உடம்பு தானாக அடங்கி, அடித்துப் போட்ட மாதிரி வேப்பமரத்தடியில் கிடந்தாள். கண்ணைத் திறந்து பார்த்தால், நேற்று வரைக்கும் 'ஏ திலகா' என்று கூப்பிட்ட பொம்பளைகள் சுற்றி நின்று கும்பிடுகிறார்கள்.

பிரசாந்தின் டிக்கெட்டை ரத்து செய்தார்கள்.

திலகவதி சாதாரண ஆள். வீட்டில் தையல் மிஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவள். வாயாடி. அளவெடுக்கும்போதே 'இந்தத் தீவாளிக்கு ஒரு சுத்து கூடிருக்கே மதினி, ஒங்க வீட்டுக்காரரு என்ன வாங்கித் தர்றாரு?' என்று கேட்டு அடி வாங்குவாள். புருஷன் சேவுகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளை இல்லை. அந்தக் குறையை அண்ணன் நிலவழகனின் வீட்டில்தான் தீர்த்துக்கொண்டாள். பிரசாந்தை இடுப்பில் தூக்கி வளர்த்தது பாதி நாள் அவள்தான்.

அண்ணன் போனபிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. தைத்துக்கொண்டிருக்கும்போதே கை மணிக்கட்டுக்குப் போகும், நாடி பார்க்கும். சரியாக அடித்தால் ஒரு நிமிஷம் நிம்மதி. அப்புறம் மறுபடியும் பார்க்கத் தோன்றும். சாப்பிட்டால் நெஞ்சு கரித்தது, சாப்பிடாவிட்டால் படபடத்தது. 'கேஸ் டிரபிள்' என்று கடைக்காரர் ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, பெருங்காயம் எல்லாம் ஆயிற்று. சேவுகனுக்குக்கூடச் சொல்லாமல் இரண்டு முறை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டார்கள். நல்லா இருந்தால் இப்படி ஏன் அடிக்கிறது என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணனும் நல்லாத்தானே இருந்தார்.

அதனால் ஊர் அதைச் சாமி என்று சொன்னபோது திலகவதி வாயை மூடிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. சாமி என்றால் நெஞ்சு வலி இல்லை, பைத்தியமும் இல்லை. சாமி யாரையும் கொல்வதில்லை அல்லவா?

அந்த ஆறுதல் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஆட்கள். ஒருத்திக்கு மகள் கல்யாணம் தட்டிப்போகிறது, ஒருவருக்குப் போர் போட்டால் தண்ணி வருமா என்று தெரியவேண்டும். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அத்தனை கண்ணையும் பார்த்ததும் நெஞ்சு துள்ளியது. துள்ளியதும் பயம், பயந்ததும் ஆட்டம். "வந்துருச்சு, வந்துருச்சு" என்று சூடத்தைக் கொளுத்தினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் ஆடி முடித்தாள். பேசாத சாமி என்று அதற்கும் ஒரு பேர் வந்தது.

வியாழக்கிழமையே நாடி பார்ப்பது கூடிவிடும். ரவிக்கை தைக்கக் கொடுக்க இப்போது எல்லோருக்கும் தயக்கம். சாமியிடம் போய் யார் அக்குளுக்கு அளவு கொடுப்பது? சேவுகனுக்கு டீக்கடையில் பெஞ்சைத் துடைத்துப் போட்டார்கள். மனுஷன் அதை ரசித்தார் என்றுதான் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், வனிதா பேசுவதைத்தான் திலகவதியால் தாங்க முடியவில்லை.

"ஆத்தா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் வனிதா.

"என்ன மதினி, என்னயப் போயி நீங்க வாங்கன்னுக்கிட்டு?"

"எம்புள்ளய எனக்கு விட்டு வச்ச வாயில்ல ஆத்தா அது. எப்புடி நீன்னு சொல்றது? அவுக போனதுலேருந்து ஒரு நாளு ஒறங்கல நான். அன்னைக்குத்தான் ஒறங்குனேன்."

அது சாமி இல்லை மதினி என்று சொல்லத்தான் திலகவதி அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். கொண்டுபோன வார்த்தையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

பிரசாந்த் ஒரு நாள் தனியாக வந்தான். தையல் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கீழே கிடந்த வெட்டுத் துணியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அயித்தை, ஏஜெண்டு இன்னொரு தேதி தாரேங்குறாரு. ஆடி முடியறதுக்குள்ள போகணும். அத விட்டா விசா போயிரும்."

"ம்."

"இங்கன ஆவுடையார்கோவில் பட்டறையில இரும்புக் கேட்டு அடிச்சுக்கிட்டு எவ்வளவு நாளு இருக்குறது? அப்பா இருந்தா அனுப்பியிருப்பாரு. நீங்க சாமிகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாமியிடம் சிபாரிசுக்கு வந்திருக்கிறான் பிள்ளை. சாமியும் இல்லை, கீமியும் இல்லை, நீ கிளம்பு என்று சொல்லிவிடலாம். சொன்னபிறகு அங்கே அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வெயிலில் விழுந்தால்? சாரம் சரிந்தால்? பெட்டியில் வருவானே! நினைக்கும்போதே விரல்கள் மடங்கத் தொடங்கின. "போய்த் தண்ணி கொண்டாடா" என்று அவனை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்து மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு முறை ஈ.சி.ஜி. எடுத்துவிடுவது என்று தனியாகக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம், கதவுக்குப் பக்கத்து சீட்டு. வந்தால் இறங்கி ஓட வசதியாக இருக்கவேண்டும். புதுக்கோட்டை வரைக்கும் நாடியை விடவில்லை. அங்கே டாக்டர் பழைய சீட்டுகளையும் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று சொல்லி, வேறொரு அறைக்குப் போகச் சொன்னார். அறை வாசலில் 'மனநலம்' என்று எழுதியிருந்தது. முந்தானையை எடுத்து முகம் பாதி மறையப் போர்த்திக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நம்ம ஊர் ஆள் யாராவது பார்த்துவிட்டால் சாமி பட்டம் போய் வேறு பட்டம் வந்துவிடும்.

பக்கத்தில் கறுத்து ஓங்குதாங்காக ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். மணமேல்குடிக்காரராம், கடலுக்குப் போகிறவராம். அவராகவே பேச்சுக் கொடுத்தார். "எனக்குக் கடல்ல ஒண்ணும் பயமில்ல தங்கச்சி. பஸ்ல ஏறுனாத்தான் செத்துருவேன்னு இருக்கு." திலகவதி முந்தானையைக் கொஞ்சம் இறக்கினாள்.

உள்ளே இருந்த ஆலோசகர் பேர் புவனேஸ்வரி. திலகவதியைவிடச் சின்னப் பெண். ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள், ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. கடைசியில், "சாமி வருதுன்னு ஊர்ல சொல்றாங்க, சரி. நீங்க என்ன நினைக்கிறீங்கக்கா?" என்றாள்.

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. திலகவதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"செத்துருவேன்னு நினைக்கிறேன்ம்மா. ஒவ்வொரு தடவையும்."

"செத்தீங்களா?"

"இல்ல."

"இது பதட்டம்க்கா. உடம்பு பொய்யா மணி அடிக்குது. வாசல்ல நாய் இருந்தா திருடனுக்குக் குரைக்கும். எலை விழுந்தாலும் குரைச்சா என்ன பண்றது? நாய் கெட்டதில்ல, அதுக்கு எது திருடன்னு தெரியல. நீங்க பயந்து ஓட ஓட, திருடன் நிசம்தான்னு அது நம்பிக்கும்."

விரல் மடங்குவதற்கும் காரணம் சொன்னாள். மூச்சை இழுத்து இழுத்து வைத்துக்கொள்கிறீர்கள், வெளியே விடுவதே இல்லை, அதனால்தான் உதடு மரக்கிறது, விரல் இறுகுகிறது என்றாள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கவேண்டும் என்று செய்து காட்டினாள். டாக்டர் எழுதிய மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொன்னாள். "வரும்போது எந்திரிச்சு ஓடாதீங்க. ஏறும். ஏறட்டும். ஏறுனது எறங்கியே ஆகணும்." அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "போகாதேன்னு யாரைச் சொன்னீங்க?"

"எங்க மதினியத்தான். கைய விட்டுட்டாக."

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பதில் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது. மதினியை யாராவது 'போகாதே' என்று சொல்வார்களா? 'போகாதீக மதினி' என்றுதான் வாய் வரும். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழைந்தது. அந்த டீக்கடை தெரிந்தது.

அண்ணன் போனது தீபாவளிக்கு முந்தின வாரம். ரவிக்கைத் துணி குவிந்து கிடந்தது. அன்றைக்குக் காலையில் அவர் ஒரு பேண்ட்டைக் கொண்டுவந்து, கால் நீளமா இருக்கு, மடிச்சுத் தைச்சுக் குடு, அறந்தாங்கி வரைக்கும் போகணும் என்றார். சின்ன வயதிலிருந்து அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவாள், அண்ணன் என்று மரியாதை எல்லாம் ஊருக்கு முன்னால்தான். அவர் பக்கத்திலேயே நின்று தொணதொணத்தார். "அப்ப நான் போறேன் போ" என்று பொய்க்கோபம் காட்டினார். திலகவதி மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போடா, உசுர வாங்காம போ" என்றாள்.

போய்ட்டு வா என்று சொல்லவில்லை. நம்மவர்களில் எதிரியைக்கூட யாரும் வெறும் 'போ' என்று சொல்லி வாசலைத் தாண்ட விடுவதில்லை. அவள் சொன்னாள். உசிரையும் சேர்த்துச் சொன்னாள். மத்தியானம் போன் வந்தது.

பஸ்ஸுக்குள் நெஞ்சு எகிறியது. ஏறட்டும் என்று சொன்ன புவனேஸ்வரியின் முகம் வந்தது. வந்து என்ன செய்ய? திலகவதி எழுந்து கதவருகே ஓடி, பஸ் நிற்பதற்கு முன்பே குதித்து, சிமெண்டு பெஞ்சில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதாள். மனுஷியால் முடிந்தது அன்றைக்கு அவ்வளவுதான்.

வீட்டில் பழகிப் பார்த்தாள். மூச்சை எண்ணி விட்டால் எண்ணிக்கை தப்பியது, தப்பினால் அதற்கும் பயம் வந்தது. மிஷினில் உட்கார்ந்து ஒரு புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தாள், கால் மிதிக்கிறபோது மூச்சு தானாக ஒழுங்குக்கு வருகிறது. நாலு மிதிக்கு இழுத்து, ஆறு மிதிக்கு விட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது. அதன்பிறகு பயம் வரும்போதெல்லாம், மிஷின் இல்லாவிட்டாலும், வலது பாதத்தைத் தரையில் வைத்து முன்னும் பின்னுமாக மிதிக்கத் தொடங்கினாள். சில நாள் பலித்தது, சில நாள் பலிக்கவில்லை. மிதித்தபடியே ஆடவும் செய்தாள். ஆனால் ஒன்று மட்டும் புரிந்தது. அது ஏறி, நின்று, இறங்கிப் போகிறது. ஒவ்வொரு முறையும் போகிறது.

இதற்கிடையில் வனிதா ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். ஏஜெண்டு நெருக்குகிறான், பையன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிகிறான், ஆகவே ஆடி வெள்ளியன்று ஐயனார் கோயிலில் பொங்கல் வைத்து, ஊர் முன்னால் சாமியிடம் இன்னொரு முறை கேட்டுவிடுவது. சாமி என்றால் திலகவதி. அந்த நாள் வரைக்கும் அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். சேவுகனிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சதெல்லாம்?"

"ஒங்களுக்கு அதுதான் கவலையாக்கும்."

"அதில்ல புள்ள. ஊரு என்ன சொல்லுமோன்னு இருக்கு. வேணும்னா ஒண்ணு செய்வோமா? ஒடம்புக்கு முடியலன்னு அன்னைக்கு நீ போகாம இருந்துரு."

அதுதான் அவளுக்கும் ஆசை. போகாமல் இருந்துவிட்டால் விசா தானாகக் கெட்டுவிடும். அவளும் ஒன்றும் சொன்னதாக ஆகாது. பிரசாந்த் கண் முன்னால் பத்திரமாக இருப்பான், இரும்புக் கேட்டு அடித்துக்கொண்டு. இப்படி நினைத்தபோதுதான் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. தன்னைக் குலைக்கிற இந்தப் பயத்தை எடுத்து அந்தப் பிள்ளையின் காலில் விலங்காகப் பூட்டிவிட்டோம் என்று புரிந்தது. வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டு கிளம்பினாள்.

கோயிலில் கூட்டம். மண் குதிரைகளின் கழுத்தில் வாடாத மாலை. ஊர்ச் சாமியாடி பெரியண்ணன் அருவாளோடு நின்றார். டிராக்டர் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். கொட்டு முழங்கியதும் அவருக்கு அருள் வந்தது, ஆடினார், திருநீறு கொடுத்தார், வேர்வை வழியச் சாந்தமாகி ஒதுங்கி நின்றார். அப்புறம் எல்லாக் கண்ணும் திலகவதி பக்கம் திரும்பின. வனிதா மகனை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் மண்டியிட்டாள்.

"ஆத்தா, எம்மகன் போகலாமா வேணாமா? ஒரு வாக்கு குடுங்க."

கொட்டு ஓங்கியது. நெஞ்சு துள்ளியது. ஓடிவிடு என்றது உடம்பு. கூட்டத்துக்குள் எந்தப் பக்கம் சந்து இருக்கிறது என்று கண் தானாகத் தேடியது. உதடு மரத்தது. இந்த முறை நிஜமாகவே சாவு என்று தோன்றியது, ஒவ்வொரு முறையும் தோன்றியதைப் போலவே. திலகவதி இரண்டு கைகளையும் விரித்துத் தொடையில் அழுத்திக்கொண்டாள். வலது பாதத்தை மண்ணில் ஊன்றினாள். மிதித்தாள். மிதிக்க மிதிக்க மூச்சை விட்டாள், நீளமாக, உஸ்ஸென்று.

"கால் எடுத்துருச்சுடியோவ்! சாமி கால் எடுத்து ஆடுது!" என்று அந்தக் கிழவி கத்திக் குலவை போட்டாள். கூட்டம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. திலகவதி மிதித்தாள். பயம் கழுத்து வரைக்கும் ஏறியது, கண் இருட்டியது, மிதித்தாள். அதற்கு மேல் ஏறவில்லை. எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள், ஏறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, மனசில்லாமல், அது இறங்கத் தொடங்கியது.

"கொட்ட நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். குரல் நடுங்கினாலும் அது அவள் குரல்தான். கொட்டு நின்றது.

"மதினி, நான் திலகா. இது சாமி ஆட்டம் இல்ல. தையல் மிசினு மிதிக்கிறேன்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருவன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"எனக்கு வர்றது பயம். பெரியாஸ்பத்திரியில காட்டி மாத்திரை சாப்புடுறேன். அன்னைக்கு நான் போகாதேன்னு சொன்னது இவனயில்ல. எங்கண்ணனய. கடைசியா அண்ணன் என் வீட்டு வாசல்லேருந்து கெளம்புனப்ப, வான்னு ஒரு வார்த்தை சொல்லாம, உசுர வாங்காம போன்னு சொல்லி அனுப்புனேன். அண்ணனத்தான் கூப்புட்டேன். ஐயனாரு என் வாயில வரல."

"அப்ப இத்தன நாளு சாமி பேரச் சொல்லி எங்கள ஏமாத்துனியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எகிறியது. போர் போடலாமா என்று கேட்க வந்தவர்தான்.

பெரியண்ணன் அருவாளைத் தரையில் ஊன்றினார். "அந்தப் புள்ள எப்ப சாமின்னு சொல்லுச்சு? நீங்கதானய்யா சொன்னீங்க."

வனிதா எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அப்ப இவன் போனா நல்லபடியாத் திரும்பி வருவான்னு சொல்லு. ஒன்னால சொல்ல முடியுமா?"

"முடியாது மதினி. எனக்குத் தெரியாது. இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா எம்பயத்துக்கு இவன் எதுக்கு வீட்டுல கெடக்கணும்?"

வனிதா பொங்கல் பானையைக்கூட எடுக்காமல் கண்மாய்க்கரையில் இறங்கித் தனியாக நடந்தாள். அதன்பிறகு திலகவதியோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மகனை மட்டும் தடுக்கவில்லை.

டீக்கடை பெஞ்சில் சேவுகனுக்கு இப்போது இடம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் நிற்கவேண்டியதுதான். சில பெண்கள் திலகவதியைக் கண்டால் ஒரு தினுசாகச் சிரித்தார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை வாசல் காலியாக இருந்தது. ரவிக்கைத் துணிகள் ஒன்றிரண்டாகத் திரும்பி வந்தன.

ஆடிக் கடைசியில் பிரசாந்த் கிளம்பினான். அறந்தாங்கியில் பஸ் ஏறித் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகவேண்டும். வழியனுப்ப வனிதாவும் திலகவதியும் போனார்கள், ஆளுக்கொரு பக்கமாக. பஸ் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அந்த டீக்கடை. வனிதா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. திலகவதி திருப்பிப் பார்த்தாள், அப்போதே நெஞ்சு தொடங்கிவிட்டது.

"போய்ட்டு வாரேன் அயித்தை" என்று ஜன்னலிலிருந்து கையை நீட்டினான் பிரசாந்த்.

அவள் கையைப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். 'போ' வரைக்கும் வந்தது. போகாதே என்பதுதான் நாக்கு நுனியில் நின்றது. டிரைவர் ஏறிவிட்டார். பஸ் உறுமியது. திலகவதியின் வலது பாதம் தார் ரோட்டில் மிதிக்கத் தொடங்கியது. பிரசாந்த் அதைக் குனிந்து பார்த்தான், அவசரப்படுத்தாமல் கையைக் கொடுத்தபடியே இருந்தான். பஸ் நகர்ந்தது. அவள் கையை விடாமல் கூடவே நடந்தாள், அப்புறம் ஓடினாள்.

"போய்ட்டு வாடா!" என்று கத்தினாள். "போய்ட்டு வா! போய்ட்டு வா!" பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பஸ் திருப்பத்தில் மறைந்தபிறகும் சொல்லிக்கொண்டு நின்றாள். நெஞ்சு அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்தால் வனிதா சிமெண்டு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகம் வெளுத்து, வாய் பிளந்து மூச்சு வாங்குகிறாள். பிடித்திருந்த கையைத் தூக்கி நீட்டினாள். விரல்கள் மடங்கியிருந்தன.

"திலகா, எனக்கு என்னமோ பண்ணுது. எனக்கும் அவுகளுக்கு வந்தது மாதிரி... செத்துருவேன் போல இருக்குடி."

"சாகமாட்டீக மதினி. இங்கிட்டு வந்து உக்காருங்க." திலகவதி அவளை உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடங்கிய விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தன் கையும் நடுங்குவதை மறைக்கவில்லை.

"செருப்பக் கழட்டுங்க. காலத் தரையில வைங்க. அதுதான் மிசினு. மிதிங்க, மிதிச்சுக்கிட்டே மூச்ச விடுங்க. இழுக்க வேணாம், விடுங்க."

இரண்டு பேரும் மிதித்தார்கள். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.